வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கு ஒரு பாடம்



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, தொடக்கப் பள்ளியில் சீண்டல். அதைப் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்ள எப்படிச் சொல்லிக்கொடுப்பது, கண்டால் என்ன செய்யச் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பற்றிப் பேச வேண்டும். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "ஒண்ணாப்பு, ரெண்டாப்புப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு சார்? காலையில கா விடும், சாயந்திரம் பழம் விடும். இதுக்குப் போய் பஞ்சாயத்தா?"

நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கா விடுவது சண்டை. சண்டை பிள்ளைகளுக்கு வேண்டும். ரப்பர் யாருடையது, ஊஞ்சலில் யார் முதலில் என்று இரண்டு பேரும் கத்துவார்கள், இரண்டு பேரும் அழுவார்கள், மணி அடித்தால் இரண்டு பேரும் மறந்துபோவார்கள். அந்த இடத்தில் பெரியவர்கள் மூக்கை நுழைக்காமல் இருப்பதே உத்தமம். நான் பேச வந்திருப்பது, பழம் விடவே வழியில்லாத ஒன்றைப் பற்றி.

ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் தெரியாமல் போயிருப்பீர்கள். மூன்றாம் வகுப்பு. ஒரு பெண் பிள்ளை. அவள் தலையில் பேன் இருக்கிறது என்று யாரோ ஒரு நாள் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். மறுநாள் இடைவேளையில் ஒருவன் ஓடி வந்து அவள் தோளைத் தொட்டுவிட்டு, இன்னொருவன் சட்டையில் கையைத் துடைக்கிறான். "ஒட்டிக்கிச்சு! உனக்கு ஒட்டிக்கிச்சு!" அவன் அடுத்தவன் மேல் துடைக்கிறான். அடுத்தவன் ஓடுகிறான். குழாயடியில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவள் நடுவில் நிற்கிறாள். சுற்றிலும் ஒரே சிரிப்பு. தாழ்வாரத்திலிருந்து பார்க்கும் ஆசிரியைக்கு என்ன தெரியும்? பிள்ளைகள் ஓடுகிறார்கள், சிரிக்கிறார்கள். தொட்டுப் பிடித்து விளையாடுகிறார்கள்! இதில் கண்டிக்க என்ன இருக்கிறது?

கவனியுங்கள், முதல் இரண்டு நாள் அவளும் சிரிக்கிறாள். ஏன் சிரிக்கிறாள்? சிரித்தால் தன்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறாள். மூன்றாவது வாரம் அவள் இடைவேளையில் வெளியே போவதில்லை. பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாள். கேட்டால் வயிற்று வலி என்கிறாள். ஆசிரியை அக்கறையோடு அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறார். அம்மாவும் அக்கறையோடு பூச்சி மருந்து வாங்கிக் கொடுக்கிறார்.

இதில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை இல்லை, காயம் இல்லை. அந்தப் பிள்ளை வந்து புகார் சொல்ல நினைத்தால் என்னவென்று சொல்லும்? "மிஸ், எல்லாரும் என்னைத் தொட்டுட்டுத் துடைக்கிறாங்க மிஸ்" என்றா? சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோம்? "அவங்க கிடக்கிறாங்க, நீ போய் உட்காரு." இதைத்தானே சொல்வோம்?

அதனால்தான் முதல் வேலை, அடையாளம் காணக் கற்றுக்கொடுப்பது. பிள்ளைக்கு மட்டுமா? நமக்கும்தான்.

சீண்டல் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் டான் ஓல்வியஸ். ஸ்வீடனில் பிறந்து, நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய உளவியலாளர். 1970-களிலேயே பள்ளிச் சீண்டலைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். ஆனால் நார்வே அரசு விழித்துக்கொண்டது எப்போது தெரியுமா? 1982-இன் கடைசியில், அந்த நாட்டின் வடக்கே மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு. சக மாணவர்களின் கொடுமைதான் காரணம் என்று செய்தி பரவியது. அடுத்த ஆண்டே நாடு முழுவதும் பள்ளிகளில் இயக்கம் தொடங்கினார்கள். எந்த ஊரிலும் இதே கதைதான். குழந்தை செத்த பிறகுதான் கோப்பு நகர்கிறது.

ஓல்வியஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் பலம் சமமாக இல்லாதது. எட்டு வயதுப் பிள்ளையிடம் போய் இப்படிச் சொன்னால் கொட்டாவிதான் விடும். அதன் மொழியில் கேளுங்கள். "ரெண்டு பேருக்கும் சிரிப்பு வருதா, ஒருத்தருக்கு மட்டும் வருதா?" "இன்னிக்கு மட்டும் நடந்துச்சா, தினமும் நடக்குதா?" "அவ 'நிறுத்து'ன்னு சொன்னா நிறுத்துவாங்களா?" இந்த மூன்றையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மட்டுமில்லை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். மூன்றில் கடைசிக் கேள்விதான் எனக்குப் பெரியது. சொன்னால் நிற்கிறதா? நின்றால் விளையாட்டு. நிற்காவிட்டால் வேறு.

பலம் சமமில்லை என்றவுடன் நாம் குண்டுப் பையன், ஒல்லிப் பையன் என்று நினைத்துக்கொள்கிறோம். உடம்பு ஒரு பலம், அவ்வளவுதான். கூட்டம் ஒரு பலம். சிவப்புத் தோல் ஒரு பலம். அப்பா ஊரில் பெரிய ஆள் என்பது ஒரு பலம். சரளமாகப் பேசுவது ஒரு பலம்; திக்குவாய்ப் பிள்ளையைக் கேட்டுப்பாருங்கள். இதோடு நாமே பிள்ளைகள் கையில் எடுத்துக்கொடுக்கும் பலம் ஒன்றும் இருக்கிறது. லீடர்!

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், எல்லோரும் அந்தப் பலகையில் பெயர் வாங்கியவர்கள்தானே! ஆசிரியர் தலைமையாசிரியர் அறைக்குப் போகிறார். போகும்போது, "பேசுறவங்க பேரை எழுதிவை" என்று சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தச் சாக்பீஸ் பிடித்த பிள்ளை அடுத்த பத்து நிமிடத்துக்கு நீதிபதி. பிடிக்காதவன் பெயர் பலகையில் ஏறும். அவன் "நான் பேசவே இல்லையே" என்று பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு இரண்டு. மறுபடி கெஞ்சினால் மூன்று. பென்சில் கொடுத்தால் அழியும். கடலைமிட்டாயில் பாதி கொடுத்தால் அழியும். ஆசிரியர் திரும்பி வந்து, பலகையைப் பார்த்து, விசாரிக்காமல் அடுத்த தண்டனையைக் கொடுக்கிறார். சீண்டுவதற்குப் பள்ளிக்கூடமே பயிற்சி கொடுத்தால் அது இப்படித்தான் இருக்கும். லீடரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாரம் ஒரு பிள்ளையாக மாற்றுங்கள், பெயர் எழுதும் வேலையை மட்டும் எடுத்துவிடுங்கள். நோட்டு அடுக்கட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும்.

நம் வாயும் அப்படித்தான். கல்வி உரிமைச் சட்டம், 2009-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் 17-ஆவது பிரிவு பிள்ளையை அடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. மனத்தளவில் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. கரும்பலகை முன்னால் நிற்கவைத்து ஆசிரியர் ஒரு முறை 'மக்கு' என்றால், அன்று மாலையே அது பட்டப்பெயர். ஆசிரியர் வைத்த பெயர் ஆயிற்றே, அதைக் கூப்பிட யாருக்குப் பயம்?

இனி நான் இன்று சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சீண்டல் என்றவுடன் நம் கண்ணுக்கு இரண்டு பேர் தெரிகிறார்கள். சீண்டுகிறவன், சீண்டப்படுகிறவன். ஒருவனைத் திட்டுகிறோம், இன்னொருவனைத் தேற்றுகிறோம், வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். குழாயடியைத் திரும்பப் பாருங்கள். தொட்டுத் துடைத்தவர்கள் நான்கைந்து பேர். மற்றவர்கள்? வகுப்பே அங்கேதானே நின்றது?

கனடாவின் டொரண்டோ நகரில் தொடக்கப் பள்ளி மைதானங்களில் காமிராவும் ஒலிவாங்கியும் வைத்துப் பார்த்தார்கள். டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் ஆகியோர் அடங்கிய குழு. முடிவு 2001-இல் வெளியானது. நடந்த சீண்டல்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். குறுக்கே வந்தது 19 சதவீதத்தில் மட்டும். இதைக் கேட்டு வருத்தப்படலாம். ஆனால் அடுத்த எண்ணைக் கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை குறுக்கே வந்தபோது, பாதிக்கு மேல், 57 சதவீதம், பத்தே விநாடியில் நின்றுபோனது. பத்து விநாடி! நாம் இரண்டு தரப்பையும் அழைத்து, அரை மணி நேரம் விசாரித்து, அப்புறமும் தீராததை, ஒரு வகுப்புத் தோழி பத்து விநாடியில் நிறுத்துகிறாள்.

ஏன் நிற்கிறது? சீண்டுகிறவனுக்கு அந்தப் பிள்ளைமேல் பெரிய பகை ஒன்றும் இல்லை. அவனுக்கு வேண்டியது பார்வையாளர். சிரிப்பு. அந்தச் சிரிப்பு வற்றினால் ஆட்டம் சுவைக்காது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி 1990-களிலேயே இதை ஆராய்ந்து, கூடச் சேர்பவர், சிரித்து ஏற்றிவிடுபவர், ஒதுங்கிக்கொள்பவர், துணைக்கு நிற்பவர் என்று பிரித்துக் காட்டினார். அதன்மேல் கட்டியதுதான் 'கிவா' என்ற திட்டம். 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவலாக நடந்தது. அதில் எனக்குப் பிடித்த ஒரு வேலை உண்டு. சீண்டப்பட்ட பிள்ளைக்காக, வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த இரண்டு மூன்று பிள்ளைகளை ஆசிரியர் தனியே கூப்பிட்டுப் பேசுகிறார்: "அவளுக்கு இப்ப கஷ்டமா இருக்கு. நீங்க என்ன செய்யலாம்?" யோசனையைப் பிள்ளைகளே சொல்கிறார்கள்.

அப்படியானால் பாடம் யாருக்கு? வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு. முப்பது பேர் வகுப்பில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் அவர்கள்தானே!

சரி, என்ன சொல்லிக்கொடுப்பது? 'அநியாயத்தை எதிர்த்து நில்' என்று மேடையில் முழங்கலாம். ஏழு வயதுப் பிள்ளையால் அதைச் செய்ய முடியுமா? நம்மால் முடிகிறதா? பேருந்தில் நடத்துநர் ஒரு மூதாட்டியை ஏசும்போது நாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லையா? பெரிய வீரத்தைக் கேட்காதீர்கள். சின்ன வேலை கொடுங்கள். முதலாவது, சிரிக்காதே. உன்மேல் துடைத்தால் அடுத்தவன்மேல் துடைக்காதே, உன்னோடு நிறுத்து. அடுத்து, அவள் பக்கத்தில் போ. எதிர்த்துப் பேசக்கூட வேண்டாம். "வா, தண்ணி பிடிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டு போ. தனியாகப் போகப் பயமா? இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் பயமா? ஆசிரியரிடம் வந்து சொல்.

இதைச் சொன்னால் போதாது. வாய்ப்பாட்டை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? புரியவைத்ததோடு விடுகிறோமா? நூறு தடவை வாய்விட்டுச் சொல்லவைக்கிறோம். "வா, தண்ணி பிடிச்சிட்டு வரலாம்" என்பதையும் அப்படியே சொல்லிப் பழகவைக்க வேண்டும். வேண்டிய நேரத்தில் அந்த வாக்கியம் தானாக வாயில் வர வேண்டும். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் ஆட்டமும் பாட்டும் கதையும் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கேயே ஒரு பொம்மையைக் கூட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்கிவையுங்கள். "இப்ப இந்த முயலுக்கு யார் என்ன சொல்லப்போறீங்க?" என்று கேளுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: நிஜத்தில் சீண்டப்படுகிற பிள்ளையை அந்த வேடத்தில் நிற்கவைத்துவிடாதீர்கள். சீண்டுகிறவனை வில்லனாகவும் போடாதீர்கள். வகுப்பு உடனே கண்டுபிடித்துவிடும். நாடகம் முடிந்து மணி அடித்ததும் நிஜம் தொடங்கிவிடும்.

அடுத்தது, சொல்வது. இதுதான் முள். பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்லி வளர்க்கிறோம்? கோள் சொல்லாதே. போட்டுக்கொடுக்காதே. "எப்பப் பாரு புகார் சொல்லிக்கிட்டே இருக்கே, உனக்கு வேற வேலை இல்லை?" பத்து முறை இப்படித் துரத்திவிட்டு, பதினோராவது முறை உண்மையான ஆபத்து வரும்போது, "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்கிறோம். எப்படிச் சொல்லும்? ஆகவே வித்தியாசத்தைக் கற்றுக்கொடுங்கள். ஒருவனை மாட்டிவிடச் சொல்வது ஒன்று. ஒருத்தியை மீட்கச் சொல்வது இன்னொன்று. "மிஸ், அவன் ஹோம்வொர்க் எழுதலை மிஸ்" என்பது முதல் வகை. "மிஸ், அவ தினமும் டாய்லெட்டுக்குப் போகப் பயப்படுறா மிஸ்" என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதைக் கேட்டால் ஆசிரியர் கையில் இருக்கும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். பிள்ளை பார்ப்பது அதைத்தான்.

கேட்டபின் என்ன செய்கிறோம் என்பது அதைவிட முக்கியம். நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இரண்டு பேரையும் கூப்பிட்டு எதிரெதிரே நிறுத்தி, "ரெண்டு பேரும் கை குடுங்க. ஸாரி சொல்லுங்க. இனிமே ஃப்ரெண்ட்ஸ்!" சண்டைக்கு இது சரியான மருந்து. சீண்டலுக்கு இது விஷம். எந்தத் தப்பும் செய்யாத பிள்ளை எதற்காக ஸாரி சொல்ல வேண்டும்? சொன்னவள் இவள்தான் என்று காட்டிக்கொடுத்தும் விடுகிறோம். பள்ளி விட்டதும் வாசலில் என்ன நடக்கும்? தனித்தனியே கேளுங்கள், வெவ்வேறு நேரத்தில் கேளுங்கள், அன்றே கேளுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். நாம் எல்லோரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

சொன்னபின் என்ன நடக்கும் என்பதை நம் மாநிலம் மறக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, அதே பள்ளி மாணவர்கள் இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தங்கையும் வெட்டுப்பட்டார். அதற்கு முன்பே அவர் சீண்டல் தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது, காரணமும் சொல்லப்பட்டது. சொன்ன பிறகுதான் அரிவாள் வந்தது. அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு மணிக்கட்டில் கூடாது என்றும் அதில் சொன்னார்கள். நல்லது. ஆனால் நான் கேட்கிறேன், பதினேழு வயதில் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் அவிழுமா? 'தொட்டால் ஒட்டிக்கும்' என்ற விளையாட்டை எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுத்தது? பேன் ஒரு சாக்கு. யாரைத் தொடலாம், யாரைத் தொடக் கூடாது என்ற பேச்சைப் பிள்ளை எந்தத் திண்ணையில், எந்தச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டது? பெற்றோர்களே, இந்தக் கேள்வியை ஆசிரியர்கள் பக்கம் தள்ளிவிடாதீர்கள்.

பெற்றோர்களிடம் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை அழுதுகொண்டு வந்தால் நம் அப்பாக்கள் சொல்லும் முதல் வாக்கியம், "திருப்பி அடிச்சிட்டு வந்து என்கிட்ட சொல்லு." அடிக்க முடிந்திருந்தால் அவன் ஏன் அழுதுகொண்டு வருகிறான்? இப்போது அவனுக்கு இரண்டு தோல்வி, பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று. நாளை அவன் உங்களிடமும் சொல்ல மாட்டான். அவன் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். எந்த நாள், எந்த இடம், யார் கூட இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். பள்ளியில் அசைவு இல்லையென்றால் உதவி எண்கள் உண்டு: 14417 இருக்கிறது, 1098 இருக்கிறது.

சீண்டுகிற பிள்ளையின் பெற்றோராகவும் நாம் இருக்கலாம். இந்த அரங்கில் யாரும் அப்படி நினைத்து வந்திருக்க மாட்டீர்கள். பள்ளியிலிருந்து கூப்பிட்டால், "எம் புள்ள அப்படி இல்லை" என்று தொடங்காதீர்கள். வீட்டுக்குப் போய் பெல்ட்டை எடுக்கவும் செய்யாதீர்கள். பலம் உள்ளவன் பலம் இல்லாதவனை அடிக்கலாம் என்பதைத்தான் அந்த பெல்ட் மறுபடி கற்றுக்கொடுக்கும்.

இவ்வளவும் செய்தால் சீண்டல் ஒழிந்துவிடுமா? ஒழியாது. மரியா ட்டோஃபி, டேவிட் ஃபாரிங்டன் என்ற இருவர் பல நாட்டுத் திட்டங்களை ஒன்றுசேர்த்து அலசி 2011-இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு, 20 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. எங்கே நன்றாகக் குறைகிறது? நீண்ட நாள் விடாமல் நடத்திய இடத்தில், பெற்றோரைக் கூட்டிவைத்துப் பேசிய இடத்தில், இடைவேளையில் மைதானத்தை ஒழுங்காகக் கண்காணித்த இடத்தில். ஒரு நாள் சிறப்பு விருந்தினரை அழைத்துச் சொற்பொழிவு வைத்தால் குறையும் என்று யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. பொன்னாடை போர்த்தியவர்கள் மன்னிக்க வேண்டும்!

கண்காணிப்பு என்றவுடன் ஆசிரியர்கள் பெருமூச்சு விடுவது இங்கே கேட்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் எமிஸ் கணினிப் பதிவில் இருப்பார், இன்னொருவர் சத்துணவுக் கணக்கில் இருப்பார். தெரியும். அதனால் மைதானம் முழுவதையும் கேட்கவில்லை. இரண்டு இடம் கேட்கிறேன். கழிப்பறை வாசல், குழாயடி. இடைவேளையில் டீ டம்ளரோடு அங்கே போய் நில்லுங்கள். 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கும் பள்ளிகளில் அது எங்கே தொங்குகிறது என்றும் பாருங்கள். எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருந்தால் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதவும் வராது; படம் வரைந்து போடலாம் என்று சொல்லிவையுங்கள்.

பேச்சை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். மீதி அரை மணி நேரத்தில் பழகப் போகிறோம். முன்வரிசையிலிருந்து ஐந்து ஆசிரியர்கள் மேடைக்கு வாருங்கள். மதிய உணவு வரிசை. சார், நீங்கள் முன்னால் நிற்கிறவரின் தட்டைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுங்கள். டீச்சர், நீங்கள் பின்னால் நின்று சிரியுங்கள். நீலப் புடவை அம்மா, நீங்கள் அந்த வரிசையில் நான்காவது பிள்ளை, வயது ஏழு. இப்போது என்ன சொல்லப்போகிறீர்கள்? மைக் வேண்டாம், பிள்ளைக் குரலில் சொல்லுங்கள்.